அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் மறுத்திருப்பேனா?

நீங்கள் கேட்டது இது: "மில்கிராம் சோதனையில் மூன்றில் இரண்டு பேர், முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் கொடுத்தார்கள் என்று படித்தேன். அவர்களுக்கென்று தனி ஆளுமை ஏதாவது உண்டா, இல்லை யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்களா? அப்படியானால் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லிக்கொடுப்பதே தவறா?" மில்கிராம் என்பவர் 1960-களில் கீழ்ப்படிதலைச் சோதித்த அமெரிக்க உளவியலாளர்; சோதனையின் விவரத்துக்குப் பிறகு வருகிறேன். வெளியே தெரிவது இரண்டு கேள்விகள். உள்ளே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: விசையை அழுத்துபவரின் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தனி மனிதர் என்ன செய்வார் என்று எந்தச் சோதனையாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் மறுத்தவர்கள் எந்த நேரத்தில் மறுத்தார்கள், எது அவர்களுக்குக் கைகொடுத்தது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். அங்கே போவதற்கு முன் ஆளுமை விஷயத்தை முடித்துவிடலாம்.

1950-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் தியோடர் அடோர்னோ, எல்சே ஃபிரெங்கெல்-புருன்ஸ்விக், டேனியல் லெவின்சன், நெவிட் சான்ஃபோர்ட் ஆகிய நால்வரும் சேர்ந்து அதிகாரவாத ஆளுமை பற்றிய பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். யூதர்களை வெறுப்பவர் பெரும்பாலும் மற்ற சிறுபான்மையினரையும் வெறுக்கிறார். அந்த வெறுப்புகளுக்கெல்லாம் அடியில் ஒரே மனப்போக்கு ஓடுகிறது என்பது அவர்கள் வாதம். மேலே இருப்பவரிடம் பணிவு, கீழே இருப்பவரிடம் கடுமை, ஊர் வழக்கத்தை மீறுபவர்கள் மேல் கோபம், தன் மனத்துக்குள் எட்டிப்பார்க்க விருப்பமின்மை, வலிமையின் மேல் மோகம் என்று ஒன்பது கூறுகளைப் பட்டியலிட்டு, அவற்றை அளக்க 'எஃப் அளவுகோல்' என்ற வினாத்தாளையும் செய்தார்கள். கண்டிப்பான வளர்ப்பில் பெற்றோர் மேல் காட்ட முடியாமல் போன கோபம் பிற்காலத்தில் பலவீனமானவர்கள் மேல் பாய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுகோலிலேயே பெரிய ஓட்டை இருந்தது. வினாத்தாளின் வாக்கியங்கள் எல்லாம் ஒரே திசையில் எழுதப்பட்டிருந்தன: எதற்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்றாலும் மதிப்பெண் ஏறும். எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கம் உள்ளவர், வெறுப்பே இல்லாதவராக இருந்தாலும், அதிகாரவாதியாகப் பதிவாகிவிடுவார். படிப்பு குறைந்தவர்களிடம் இந்தத் தலையாட்டல் அதிகம் என்பதால் படிப்பின் விளைவும் ஆளுமையின் விளைவும் ஒன்றாகக் கலந்துபோயின. போதாக்குறைக்கு, நேர்காணல் எடுத்தவர்களுக்கு எதிரே இருப்பவரின் மதிப்பெண் முன்பே தெரியும்; எதைத் தேடிப் போனார்களோ அது கிடைத்தது. 1954-லேயே இந்தக் குறைகள் விரிவாகச் சுட்டிக்காட்டப்பட்டன. கண்டிப்பான வளர்ப்பு பற்றிய அந்த விளக்கத்தை இன்று யாரும் உறுதியான முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

எஞ்சி நிற்பது என்ன? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப் ஆல்ட்டமெயர், ஒப்புக்கொண்டால் ஏறும் வாக்கியங்களையும் இறங்கும் வாக்கியங்களையும் கலந்து அளவுகோலைத் திருத்தி எழுதினார். 1981-ல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒன்பது கூறுகளில் மூன்றுதான் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன: நிலைபெற்ற அதிகாரத்துக்குப் பணிவு, அந்த அதிகாரம் கைகாட்டும் ஆட்கள் மேல் கடுமை, வழக்கத்தின் மேல் பிடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன என்பது பிறகு பல நாடுகளில் உறுதியானது. அவர் அளந்தது அடிபணியும் மனத்தை என்பதைக் கவனியுங்கள். அடக்கி ஆள ஆசைப்படும் மனம் வேறு. அதற்கு ஃபெலிசியா பிராட்டோவும் ஜிம் சிடானியஸும் 1994-ல் தனி அளவுகோல் கொடுத்தார்கள். அதிகாரவாதி என்றதும் நாம் கற்பனை செய்யும் தலைவரும் அவர் பின்னால் போகும் தொண்டரும் உளவியலில் ஒரே வகை மனிதர்கள் இல்லை. இடதுசாரிகளிடமும் இதே மனம் உண்டா என்ற வாக்குவாதம் 1950-களிலேயே தொடங்கி இன்னும் ஓயவில்லை. உண்டு என்று காட்டும் அளவுகோல்கள் வந்துவிட்டன. அவை அளப்பதும் ஆல்ட்டமெயர் அளந்ததும் ஒன்றேதானா என்பதில்தான் சண்டை.

அரசியல் நெடியே இல்லாமல் இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளையிடம் எது முக்கியம் என்று நான்கு இணைகளைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: தன்னிச்சையா, பெரியவர்களுக்கு மரியாதையா; ஆர்வத் துருவலா, நல்ல பழக்கவழக்கமா; சொந்தக் காலில் நிற்பதா, சொல்பேச்சு கேட்பதா; பிறர் மனம் அறிந்து நடப்பதா, ஒழுங்காக நடந்துகொள்வதா. அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் 1992 முதல் இந்தக் கேள்விகள் இடம்பெற்று வருகின்றன. இவற்றை வைத்து ஆராய்ந்தவர்களில் கேரன் ஸ்டென்னர் 2005-ல் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: இந்த மனப்போக்கு எப்போதும் ஒரே அளவில் எரிந்துகொண்டிருப்பதில்லை. நம் ஒற்றுமை குலைகிறது, தலைவர்கள் நம்பத் தகுதியற்றவர்கள் ஆகிவிட்டார்கள் என்ற அச்சம் எழும்போதுதான் பற்றிக்கொள்கிறது. அமைதியான காலத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தாமஸ் பெட்டிகுரூ 1950-களில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை மாணவர்களிடம் எஃப் அளவுகோலைக் கொடுத்துப் பார்த்தார். கறுப்பின மக்கள் மேல் அவர்களுக்கு இருந்த வெறுப்பு மிக அதிகம். எஃப் மதிப்பெண்ணோ அமெரிக்க மாணவர்களைவிடப் பெரிதாக உயரவில்லை. வெறுப்பு அங்கே ஊர் வழக்கமாக இருந்தது. அதில் கலந்துகொள்ளத் தனி ஆளுமை எதுவும் தேவைப்படவில்லை. ஆளுமை உண்மைதான், ஆனால் ஒரு நாடே தவறு செய்வதை ஆளுமையை மட்டும் வைத்து விளக்க முடியாது.

இனி மில்கிராம். 65 சதவீதம் என்ற எண்ணை மட்டும் தெரிந்துகொண்டால் ஏமாந்துபோவோம். அந்த அறையைப் பார்த்தாக வேண்டும். 1961 ஆகஸ்ட் முதல் 1962 மே வரை, யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 'நினைவாற்றலும் கற்றலும் பற்றிய ஆய்வு' என்று விளம்பரம். வந்தவர்கள் அஞ்சலக ஊழியர்கள், விற்பனையாளர்கள், பொறியாளர்கள், கூலித் தொழிலாளர்கள், 20 முதல் 50 வயது ஆண்கள். கூலி 4 டாலர், பயணத்துக்கு 50 சென்ட். இடையில் என்ன நடந்தாலும் அந்தப் பணம் அவர்களுடையதே என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சீட்டுக் குலுக்கலில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று முடிவாகும். இரண்டு சீட்டிலும் 'ஆசிரியர்' என்றே எழுதியிருக்கும். மாணவராக வருபவர் 47 வயது கணக்காளர், ஏற்பாடு செய்யப்பட்டவர். அவரைப் பக்கத்து அறையில் ஒரு நாற்காலியில் கட்டி, கொப்புளம் வராமலிருக்கவாம், மணிக்கட்டில் பசை தடவுவார்கள். ஆசிரியருக்கு மாதிரிக்கு 45 வோல்ட் அதிர்ச்சி ஒன்று உண்மையாகவே கொடுக்கப்படும். அதன்பின் நடக்கும் அதிர்ச்சிகள் எல்லாம் பொய்.

கருவியில் வரிசையாக 30 விசைகள். 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15 ஆக ஏறி 450-ல் முடியும். விசைகளுக்குக் கீழே 'லேசான அதிர்ச்சி' என்று தொடங்கும் எழுத்து 'அபாயம்: கடும் அதிர்ச்சி' வரை போய், கடைசி இரண்டுக்குக் கீழே வெறும் எக்ஸ் குறிகளாகிவிடும். மாணவர் ஒவ்வொரு முறை தவறான பதில் சொல்லும்போதும் ஆசிரியர் ஒரு விசை மேலே போக வேண்டும். இந்த 15 வோல்ட் இடைவெளிதான் சோதனையின் முதுகெலும்பு. 180-ஐ அழுத்தியவருக்கு 195-ஐ மறுக்கக் காரணம் வேண்டும். 195 தவறென்றால் சற்றுமுன் அழுத்திய 180-ம் தவறுதான் என்று தன்னிடமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியும் முந்தைய படிக்கு வக்காலத்து வாங்கும். நேராக 450-ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அளவைத் தாங்களே முடிவு செய்யலாம் என்று விட்டபோது 40 பேரில் ஒரே ஒருவர்தான் உச்சிவரை போனார். அடுத்தவரை வதைக்கும் ஆசை அவர்களுக்குள் ஒளிந்திருந்தது என்ற விளக்கத்துக்கு இது ஒன்றே போதுமான பதில்.

ஆசிரியர் தயங்கினால், சாம்பல் நிறக் கோட்டு போட்ட சோதனையாளர் நான்கு வாசகங்களை வரிசையாகச் சொல்வார்: தயவுசெய்து தொடருங்கள், நீங்கள் தொடர்வது சோதனைக்குத் தேவை, நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம், உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தாக வேண்டும். நான்காவதுக்குப் பிறகும் மறுத்தால் சோதனை முடிந்தது. கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. 1963-ல் வெளியான முதல் அறிக்கையில் 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். இதே சோதனையை விவரித்து 40 மனநல மருத்துவர்களிடம் முன்பே கேட்டபோது ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்றிருந்தார்கள். போன 26 பேரும் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பங்கேற்றவர்களில் பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது.

ஆனால் 65 என்பது ஒரு வடிவத்தின் எண் மட்டுமே. மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களைச் செய்து பார்த்தார். மாணவர் அதே அறையில் இருந்தால் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டுமென்றால் 30. சோதனையாளர் அறையைவிட்டுப் போய்த் தொலைபேசியில் ஆணையிட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதிலும் சிலர், ஏற்றிக்கொண்டே போகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுக் குறைந்த விசையையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு சக ஆசிரியர்கள் அடுத்தடுத்து எழுந்து மறுத்தால் 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். விசையை இன்னொருவர் அழுத்த, தான் கேள்வி மட்டும் கேட்டால் போதும் என்றால் 37 பேர். இரண்டு சோதனையாளர்கள் இருந்து ஒருவர் நிறுத்து என்றும் மற்றவர் தொடர் என்றும் சொன்னபோது 20 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. பெண்கள் பங்கேற்ற வடிவத்திலும் அதே 65. ஆக, "மனிதர்களில் 65 சதவீதம் பேர் கீழ்ப்படிவார்கள்" என்று யாராவது எழுதினால் அது தவறான வாக்கியம். ஏற்பாட்டைப் பொறுத்துப் பூஜ்யத்திலிருந்து 92 வரை எதுவும் வரும்.

அப்படியானால் ஆளுமைக்கு இங்கே பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. ஆலன் எல்ம்ஸும் மில்கிராமும் கடைசிவரை போன 20 பேரையும் மறுத்த 20 பேரையும் பிறகு அழைத்து அளந்தார்கள். 1966-ல் வெளியான அந்த ஆய்வில் போனவர்களின் எஃப் மதிப்பெண் சராசரியாகக் கூடுதலாக இருந்தது. மாதிரி சிறியது, அளவுகோலின் ஓட்டையை ஏற்கெனவே பார்த்தோம். எனவே இதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், நிரூபணமாக அல்ல. 2012-ல் வெளியான பியரோ பொக்கியாரோ குழுவின் ஆய்வு உங்கள் மூன்றாவது கேள்விக்கு நெருக்கமானது. ஆபத்தான ஒரு சோதனைக்கு நண்பர்களைச் சேர்த்துவிட, அதைப் புகழ்ந்து பொய்க் கடிதம் எழுதும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். 76.5 சதவீதம் பேர் எழுதினார்கள். 14 சதவீதம் பேர் மறுத்தார்கள். 9 சதவீதம் பேர் நெறிமுறைக் குழுவிடம் புகார் செய்தார்கள். இதே நிலைமையை வேறு மாணவர்களிடம் விவரித்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, எழுதுவேன் என்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆளுமைச் சோதனைகளில் இந்த மூன்று குழுக்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. "நான் நிச்சயம் மறுப்பேன்" என்று நம் மனம் தரும் உறுதிமொழிக்கு எவ்வளவு விலை உண்டு என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

கீழ்ப்படியும்போது மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பார்களே, மில்கிராமின் விளக்கம் கிட்டத்தட்ட அதுதான்: ஆணையை ஏற்றவர் தன்னை அம்பாகப் பார்க்கத் தொடங்குகிறார், பொறுப்பு எய்தவருக்குப் போய்விடுகிறது. "இவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று கேட்டவரிடம் "நான்தான் பொறுப்பு" என்று சோதனையாளர் சொன்னதும் அவர் தொடர்ந்த காட்சி மில்கிராமின் படப்பதிவிலேயே உண்டு. 2016-ல் எமிலி காஸ்பர் குழு செய்த ஆய்வும் இந்தப் பக்கம் சாய்கிறது. விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை மதிப்பிடச் சொன்னபோது, தானாக முடிவெடுத்தவர்களைவிட ஆணைக்கு உட்பட்டவர்களுக்கு அந்த இடைவெளி நீண்டு தெரிந்தது. தன் செயல் தன்னுடையது என்ற உணர்வு மங்குவதன் அடையாளம் இது.

அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரெய்ச்சரும் இதை ஏற்பதில்லை. அவர்கள் சுட்டிக்காட்டுவது அந்த நான்கு வாசகங்களை. உண்மையான ஆணை நான்காவது மட்டும்தான். 2009-ல் ஜெர்ரி பர்கர், 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பான வடிவில் சோதனையைத் திரும்பச் செய்தபோது, நான்காவது வாசகம் வரை போனவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டபின் தொடரவில்லை. வேறு வழியில்லை என்றதும் "ஏன் இல்லை?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ஆகவே இவர்கள் ஆணைக்கு அடிபணிந்தவர்கள் அல்ல, விஞ்ஞானம் என்ற நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்று நம்பி மனமுவந்து ஒத்துழைத்தவர்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த விளக்கம்தான் கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது. 'நான் வெறும் அம்பு' என்பது பெரும்பாலும் பிற்பாடு சொல்லப்படுவது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன், 1961-ல் ஜெருசலேம் விசாரணையில் அப்படித்தான் பேசினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்தபோது பதிவான அவரது பேச்சில் தெரிவது தன் வேலையில் பெருமிதம் கொண்ட ஒரு நாஜி.

சோதனையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். யேல் ஆவணங்களைத் தோண்டிய ஜினா பெர்ரி 2012-ல் எழுதியபடி, சோதனையாளர் நான்கு வாசகங்களோடு நிற்காமல் வற்புறுத்திய சந்தர்ப்பங்கள் உண்டு. பலருக்கு அதிர்ச்சிகள் பொய் என்ற முழு உண்மை அன்றே சொல்லப்படவில்லை. அதிர்ச்சி உண்மைதானா என்று சந்தேகப்பட்டவர்களும் கணிசம். பிற்பாடு நிரப்பிய படிவத்தில் முழுமையாக நம்பினேன் என்றவர்கள் பாதிக்குச் சற்று அதிகம்தான். எனவே துல்லியமான சதவீதங்களை நம்பி வீடு கட்ட முடியாது. ஆனால் போக்கு திரும்பத் திரும்ப அதே திசையில் வந்திருக்கிறது: பர்கரின் ஆய்வில் 70 சதவீதம் பேர் 150-ஐத் தாண்டத் தயாராக இருந்தார்கள், 2017-ல் வெளியான போலந்து ஆய்வில் 80 பேரில் 72 பேர் பத்தாவது விசையை அழுத்தினார்கள். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த 1971-ன் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எப்படிக் கடுமை காட்டுவது என்று காவலர்களுக்கு முன்பே குறிப்புக் கொடுக்கப்பட்டது வெளிவந்துவிட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே இரண்டு மருத்துவமனை ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1966-ல் சார்லஸ் ஹாஃப்லிங் குழு: இதுவரை பார்த்திராத மருத்துவர் தொலைபேசியில் பேசி, பெயரே கேள்விப்படாத மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். டப்பாவிலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 என்று எழுதியிருக்கிறது. 22 செவிலியர்களில் 21 பேர் கொடுக்கப் போனார்கள். 1977-ல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் இரண்டே விஷயங்களை மாற்றினார்கள்: செவிலியர்களுக்கு நன்கு தெரிந்த மருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசும் வசதி. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. அதே தொழில், அதே படிப்பு. வித்தியாசம், விஷயம் தெரிந்திருந்ததும் பேச ஆள் இருந்ததும்தான்.

இனி மறுத்தவர்கள் பற்றி. டொமினிக் பாக்கர் 2008-ல் மில்கிராமின் எட்டு வடிவங்களை ஒன்றாக ஆராய்ந்தார். மறுத்தவர்கள் எங்கே நின்றார்கள்? அலறல் உச்சத்தில் இருக்கும் 270-லா, மாணவரின் சத்தமே அடங்கிப்போகும் 330-லா? பெரும்பாலும் இல்லை. அதிகம் பேர் நின்ற இடம் 150. அங்கேதான் மாணவர் முதல்முறையாக "என்னை வெளியே விடுங்கள், இனி நான் தொடர மாட்டேன்" என்கிறார். 120-ல் வலிக்கிறது என்று கத்தியது யாரையும் பெரிதாக நிறுத்தவில்லை. வலியைக் கேட்டால் நாம் சங்கடப்படுகிறோம். "விடுங்கள்" என்றால் எதிரே இருப்பவருக்கு ஓர் உரிமை இருப்பது நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கடைசிவரை போனார்கள். ஆகவே மறுப்பதற்கான நேரம் முன்னாலேயே வருகிறது. நிலைமை இன்னும் சகிக்கக்கூடியதாகத் தோன்றும் கட்டத்தில். 'இன்னும் மோசமானால் நிறுத்திவிடுவேன்' என்று காத்திருப்பவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

இன்னொன்று, எதிர்ப்பு தெரிவிப்பது வேறு, நிறுத்துவது வேறு. கடைசிவரை போனவர்களில் பலர் வழிநெடுக வாதாடினார்கள், கெஞ்சினார்கள், "இது சரியில்லை" என்றார்கள். கை மட்டும் அடுத்த விசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. வாய்விட்டுச் சொல்லியதிலேயே மனப்பாரம் இறங்கி, தொடர்வது எளிதாகிவிட்டது. அந்தக் கருவியில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் இல்லை என்பதையும் லீ ராஸ் என்ற உளவியலாளர் கவனித்தார். வெளியேறும் வழியை ஒவ்வொருவரும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மரியாதையாகப் பேசிப் பழகிய மனிதருக்கு, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து "உங்கள் ஏற்பாடு தவறு" என்பதற்குச் சொல் கிடைப்பதில்லை. பலர் அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் விசையை அழுத்தினார்கள் என்றால் மிகையில்லை.

எனவே செய்யத் தகுந்தது, அந்தச் சொல்லை முன்பே வைத்திருப்பது. விமானத் துறை இதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கலாம் என்ற சந்தேகத்தை விமானப் பொறியாளர் கேள்வியாகக் கேட்டார். அனுபவம் மிக்க கேப்டன் அதை ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன்பின் வளர்ந்த பயிற்சிகளில் மறுப்புக்குப் படிகள் வகுக்கப்பட்டன: முதலில் கேள்வி, பிறகு "எனக்குக் கவலையாக இருக்கிறது, காரணம் இது", பிறகு "இது பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்", கடைசியில் கையை எடுப்பது அல்லது கட்டுப்பாட்டை ஏற்பது. இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போயே ஆக வேண்டும் என்பது விதி. மருத்துவமனைகளும் இதை எடுத்துக்கொண்டன. உங்கள் வேலையிலும் இதையே செய்யலாம். எதை ஒருபோதும் செய்ய மாட்டீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். ஆணையை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் ஆணை தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். "பொறுப்பு யாருடையது?" என்று மேலே கேட்காதீர்கள், "என்னுடையது" என்ற பதில் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். உடன் இருக்கும் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், "உனக்கும் இது உறுத்துகிறதா?" என்று. ஒரே ஒரு துணை போதுமா என்பதில் சந்தேகம் உண்டு. பர்கரின் ஆய்வில் ஒருவர் தொடக்கத்திலேயே விலகியும் 63 சதவீதம் பேர் தொடர்ந்தார்கள். மில்கிராமிடம் இருவர் விலகியது பெரிதாக உதவியது. இருவர் என்பதாலா, மாணவர் 'விடுங்கள்' என்றபின் விலகியதாலா என்பது பிரித்தறியப்படவில்லை.

மறுத்தால் தலை போய்விடும் என்ற அச்சம் சில இடங்களில் நியாயமானதுதான். அங்கே இருப்பவர்களுக்குத் தூரத்திலிருந்து உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாம் நினைப்பதைவிட அடிக்கடி அது சோதிக்கப்படாத அச்சம். 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபூவ் கிராமத்தில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-வது காவல் படையின் ஏறக்குறைய 500 பேரிடம், யூதர்களைச் சுட்டுக்கொல்ல வேண்டும், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதி டிராப்பே சொன்னார். விலகிக்கொள்ள உடனே முன்வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. கிறிஸ்டோபர் பிரவுனிங் இந்தப் படையை ஆராய்ந்தபோது, சக வீரர்கள் முன் கோழையாகத் தெரியக் கூடாது என்ற எண்ணத்தை முக்கியக் காரணமாகக் கண்டார். டேனியல் கோல்ட்ஹேகன் யூத வெறுப்பே காரணம் என்றார். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிள்ளைகள் விஷயம். கீழ்ப்படியக் கற்பிப்பது தவறில்லை. சாலையில் ஓடும் குழந்தையிடம் விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. 'அடியாத மாடு படியாது' என்ற வழியில் கற்பிப்பதுதான் பிரச்சினை. சாமுவேல் ஒலினரும் பேர்ல் ஒலினரும், நாஜி ஆக்கிரமிப்பில் யூதர்களைக் காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 1988-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பாற்றியவர்களின் பெற்றோர் அடியைக் குறைவாகவும் விளக்கத்தை அதிகமாகவும் பயன்படுத்தியவர்கள் என்று தெரியவந்தது. பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னவை இவை. அதனால் வளர்ப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. காப்பாற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகத் தேடிப்போய் அந்த வேலையைத் தொடங்கவில்லை. யாரோ ஒருவர் வந்து, உதவுங்கள் என்று கேட்டார். அவர்கள் சரி என்றார்கள்.